பயிற்றுநரின் கண்

சில ஆண்டுகளுக்கு முன்னர் வலிகாமத்திலுள்ள ஒரு கல்லூரி மைதானத்தில் மாணவியருக்கான கூடைப்பந்தாட்டப் போட்டியொன்றைக் காணச் சென்றிருந்தேன். சோளகக் காற்று ஓயாது வீசுகின்ற காலம். சீமெந்துத் தரையின் வெம்மை மாலை நான்கு மணியாகியும் தணியவில்லை. ஆட்டம் நான்காம் பகுதியை எட்டியிருந்தது. கல்லூரி அணி மூன்று புள்ளிகள் முன்னணியில் நின்றது. அந்த முன்னணிக்குக் காரணமாயிருந்தவள் ஒரே மாணவி. அணியின் புள்ளிகளிற் பாதிக்குமேல் அவள் பெற்றவை. ஆட்டம் முடிய நான்கு நிமிடங்கள் இருந்தபொழுது அவ்வணியின் பயிற்றுநராகிய ஆசிரியை எழுந்து, அம்மாணவியை வெளியே அழைத்து, வேறொருத்தியை உள்ளே அனுப்பினார்.

சுற்றி நின்றவர்களிடையே பெரும் சலசலப்பு எழுந்தது. மதிலோரம் நின்ற பழைய மாணவர் ஒருவர், "இந்த மனிசிக்கு என்ன விசர் பிடிச்சுட்டுதோ?" என்று உரக்கவே கேட்டார். வெளியே வந்த மாணவியின் முகம் சிவந்திருந்தது. அணி இரண்டு புள்ளிகளாற் தோற்றது.

அன்று நானும் அந்தப் பழைய மாணவரின் கட்சியிலேதான் இருந்தேன். ஆட்டம் முடிந்தபின் அவ்வாசிரியையுடன் பேச வாய்ப்புக் கிடைத்தது. காரணம் கேட்டேன். "மூன்றுதரம் பாத்தனான். பாய்ஞ்சு இறங்கேக்க இடது காலிலைதான் இறங்குது. வலது காலை ஊண்டப் பயப்பிடுது. கேட்டால் ஒண்டுமில்லை மிஸ் எண்டு சொல்லுது" என்றார் அவர். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் அந்த மூன்று இறக்கங்களையும் கண்டவர் அவர் ஒருவரே. நாங்களெல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டம் நடக்கும்பொழுது பயிற்றுநர் எதைப் பார்க்கின்றார், எவ்வாறு பார்க்கின்றார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலியில் இருந்து அவ்வப்போது கைதட்டுவதும் சத்தமிடுவதும் பெரிய வேலையா என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவ்வேலையின் கடினத்தை அறிவதற்கு முன் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கூடைப்பந்தாட்டம் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், ஸ்பிறிங்பீல்ட் நகரில், 1891 டிசெம்பரில் தோன்றியது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், மாரிக்காலத்தில் மண்டபத்துள் அடைபட்டுக் கிடந்த மாணவருக்காகப் பதின்மூன்று விதிகளை எழுதி, பழக்கூடைகள் இரண்டை மண்டபத்து மேன்மாடத்திற் பொருத்தி இதனைத் தொடக்கி வைத்தார். மறு ஆண்டிலேயே அயல் நகரான நோர்தம்ரனிலிருந்த சிமித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை சென்டா பெரன்சன் இதனைப் பெண்களுக்கேற்றவாறு மாற்றிக் கற்பித்தார். ஆடுகளத்தை மூன்று வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் வலயத்தை விட்டு நீங்கலாகாது என விதித்தார். 1893 இல் அக்கல்லூரியில் நடந்த போட்டியைப் பார்ப்பதற்கு ஆடவர் அனுமதிக்கப்படவில்லையாம். யாழ்ப்பாணத்திற்கு 1816 இல் வந்து, 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவிய அமெரிக்க மிஷனின் தலைமையகமும் அதே மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்ரன் நகரிலேயே இருந்தது என்பது இங்கு நினைவுக்கு வருகின்றது.

இதே ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்று உருமாறியதே வலைப்பந்தாட்டம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரையில் அதனை மகளிர் கூடைப்பந்தாட்டம் என்றே அழைத்து வந்தனர். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த அதன் விதிகளை ஒன்றாக்குவதற்கென 1960 ஆம் ஆண்டில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியது வேறெங்குமன்று, நமது இலங்கையிலேதான். எனவே, யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியை இரு ஆட்டங்களையும் பயிற்றுவிப்பதைக் காணும்போது அதனை ஆட்பற்றாக்குறை என்று மாத்திரம் கொள்ள வேண்டியதில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இனி, ஒரு வேடிக்கையான செய்தி. அமெரிக்காவில் 1910 ஆம் ஆண்டளவில் ஒரு விதி இயற்றப்பட்டது. ஆட்டம் நடக்கும்பொழுது பயிற்றுநர் ஆட்டக்காரருக்கு யாதொரு யோசனையும் கூறலாகாது. மீறினால் முதலில் எச்சரிக்கை, பின்னர் தண்டனை எறிதல். ஆட்டத்தை ஆடுபவர்களே சிந்தித்து ஆடவேண்டும் என்பது அக்காலத்தவர் கருத்து. 1940களின் முடிவிலேதான், ஆட்டம் நிறுத்தப்படும் இடைவேளையில் பயிற்றுநர் தம் அணியினரோடு பேசலாம் என்ற அனுமதி கிடைத்தது. நாற்பது ஆண்டுக் காலம் பயிற்றுநர்களின் வாயை விதி கட்டிப்போட்டது, கண்ணைக் கட்டவில்லை. பேசமுடியாத நிலையில் இருந்தவர்கள் நன்றாகப் பார்க்கப் பழகியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகின்றது. இக்காலத்தில் நாற்பது நிமிடமும் இடைவிடாது கத்தும் பயிற்றுநர் சிலரைக் காணும்போது அப்பழைய விதியைச் சிறிது காலத்துக்கு மீட்டெடுத்தால் என்ன என்று எண்ணுவதுண்டு.

இப்பொழுது களத்தை நோக்குவோம். நீளம் 28 மீற்றர், அகலம் 15 மீற்றர். அதனுள் பக்கத்துக்கு ஐவராகப் பத்துப் பேர். பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஒருத்தி ஐந்து தவறுகள் இழைத்தால் அவளுக்கு ஆட்டம் முடிந்தது. அணி ஒரு பகுதிக்குள் நான்கு தவறுகளைச் செய்துவிட்டால், அதன் பின்னர் நேரும் ஒவ்வொரு தவறுக்கும் எதிரணிக்கு எறிதல் வாய்ப்பு ஏற்படக்கூடும். பயிற்றுநர் கேட்டுப் பெறக்கூடிய ஒரு நிமிட இடைவேளைகளோ முற்பாதியில் இரண்டு, பிற்பாதியில் மூன்று மாத்திரமே. இவ்வளவையும் மனத்திற் கணக்கு வைத்துக்கொண்டு, அதே வேளையில் பத்துப் பேரின் அசைவுகளையும் நோக்கவேண்டும். நமது திறந்தவெளி மைதானங்களிலோ இன்னொரு கணக்கும் உண்டு. சோளகம் வீசும் பருவத்தில் தொலைவிலிருந்து எறியும் பந்து காற்றில் விலகும். எந்தப் பக்கத்துக் கூடைக்கு எறியும்போது காற்று எதிர்ப்படுகின்றது என்பதைப் பயிற்றுநர் முதல் ஐந்து நிமிடத்துள் கண்டுகொள்ள வேண்டும். உள்ளரங்குகளுக்கென எழுதப்பட்ட நூல்களில் இதற்கு இடமில்லை.

மனிதனின் கண் இத்துணைப் பாரத்தையும் தாங்கவல்லதா? இதனை ஆராய்ந்தோர் கண்ட உண்மைகள் நம் தற்பெருமையைக் குலைப்பன. 1999 இல் டானியல் சைமன்ஸ், கிறிஸ்ரோபர் சப்ரிஸ் என்ற இரு உளவியலாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். வெள்ளை உடையில் மூவரும் கறுப்பு உடையில் மூவருமாகக் கூடைப்பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து விளையாடும் படமொன்றைக் காட்டி, ஓரணியினர் எத்தனை தடவை பந்தைக் கைமாற்றினர் என்று எண்ணும்படி பார்வையாளரைக் கேட்டனர். படத்தின் நடுவே கொரில்லாக் குரங்கின் வேடம் பூண்ட ஒருவர் வந்து, நின்று, மார்பில் அடித்துக்கொண்டு போகிறார். பார்த்தவர்களிற் பாதிப்பேர் அவரைக் காணவேயில்லை! கண் திறந்திருந்தது, கவனம் பந்தின்மேல் இருந்தது. பந்தைப் பின்தொடரும் கண் அதன் அருகில் நிகழ்வதையும் இழந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நினைவின் நிலையும் இதுவே. உதைபந்தாட்டம் பற்றிக் கனடாவில் 1986 இல் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், ஆட்டத்தைப் பார்த்து முடித்தவர்கள் முக்கிய நிகழ்ச்சிகளிற் பாதியைக்கூடச் சரியாக நினைவுகூர முடியாதிருந்தனர். ஆயின் அனுபவம் பயனற்றதென்று கருதிவிடலாகாது. அதே கனடாவில் 1980 இல் வேறோர் ஆய்வு நடந்தது. கூடைப்பந்தாட்டப் படங்களை நான்கு விநாடி மாத்திரம் காட்டி, ஒவ்வொருவரும் நின்ற இடங்களைக் குறிக்கும்படி கேட்டனர். ஒழுங்கான தாக்குதல் நடந்துகொண்டிருந்த படங்களில், ஆட்டம் பழகியோர் மற்றையோரினும் மிகச் சிறப்பாகக் குறித்தனர். பந்துக்காக எல்லோரும் முண்டியடிக்கும் குழப்பமான படங்களில் இருசாராருக்குமிடையே வேறுபாடு இல்லை. இதிலிருந்து நாம் அறிவது யாது? பழகிய கண் கூர்மையான கண் என்பதன்று. அது பத்துப் பேரைத் தனித்தனியே பார்ப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று கோலங்களாகப் பார்க்கின்றது. நாம் எழுத்துக்கூட்டி வாசிக்காமற் சொல்லாக வாசிப்பது போன்றது இது. கோலம் குலையும் இடத்தில் அக்கண் தானாகவே சென்று நிற்கும்.

ஆதலால், தேர்ந்த பயிற்றுநர் பெரும்பாலும் பந்தைப் பார்ப்பதில்லை. பந்து இல்லாத நால்வர் என்ன செய்கின்றனர் என்பதையே பார்ப்பார். எறிந்த பந்து வானிலிருக்கும்பொழுது நாமெல்லோரும் வளையத்தை நோக்கி அண்ணாந்திருப்போம். அவரோ கீழே, மீளும் பந்துக்காக யார் முன்னேறி இடம்பிடிக்கின்றாள், யார் நின்று வேடிக்கை பார்க்கின்றாள் என்று நோக்குவார். கூடையில் விழுந்ததா என்பதைச் சனங்களின் ஆரவாரமே சொல்லிவிடும். அதற்குக் கண் தேவையில்லை.

வலைப்பந்தாட்டத்திலிருந்து ஓர் உதாரணம் தருகின்றேன். நமது யாழ்ப்பாண மாவட்டம் தந்த வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதார் இல்லை. ஆறடி பத்தங்குல உயரத்தினர். 2011 இல் சிங்கப்பூரிலும் 2019 இல் லிவர்பூலிலும் உலகக் கிண்ணப் போட்டிகளில் இலங்கைக்காக ஆடியவர். 2018 செப்ரெம்பரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றபொழுது அவரது எறிதலையே எல்லோரும் புகழ்ந்தனர். புகழ் தகுந்ததே. ஆனால் வலைப்பந்தாட்டத்தில் இலக்கு எறிபவர் பந்தைக் கொண்டு ஓட முடியாது. பந்து கையில் வந்தால் மூன்று விநாடிக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. பந்து அவர் கைக்கு உயரத்தில், சரியான வேளையில் வந்து சேரவேண்டும். அதனை அனுப்புகின்றவர் நடுக்களத்தில், எதிரணியினர் மூன்றடிக்கு அப்பால் கைநீட்டி மறைத்து நிற்க, அந்த மூன்று விநாடிக்குள் வழிகாண வேண்டியவர். இத்தகைய அணியின் பயிற்றுநர் வளையத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாரானால் ஒன்றையும் அறியார். நடுக்களத்திலுள்ளவளின் கை சோர்ந்து பந்து ஓரடி தாழத் தொடங்குவதை முதலிற் காண்பவரே தக்க வேளையில் ஆளை மாற்றுவார்.

பார்த்ததை எப்பொழுது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது அடுத்த பிரச்சினை. ஒரு நிமிட இடைவேளையில் மாணவியர் ஓடிவந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் இருபது விநாடி போய்விடும். எஞ்சியதில் ஏழு விடயம் சொன்னால் ஒன்றும் ஏறாது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்றுநர் ஜோன் வூடன் பயிற்சியின்போது பேசியவற்றை 1974-75 பருவத்தில் இரு ஆய்வாளர் இருந்து குறித்தனர். 2,326 செயல்களைப் பதிவுசெய்து வகுத்தபோது, பாதியளவு வெறும் அறிவுறுத்தல், அதாவது எதை எப்படிச் செய்வது என்பது. புகழ்ச்சி நூற்றுக்கு ஏழளவு. கண்டிப்பும் ஏறத்தாழ அவ்வளவே. "நல்லா விளையாடு", "கவனமாக இரு" என்று நம் மைதானங்களில் ஒலிக்கும் கூச்சல்களை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கவனமாக இரு என்பதில் எதைக் கவனிப்பது என்ற செய்தி இல்லையே!

மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் உலகறிந்த பயிற்றுநர் அமெரிக்காவின் டெனசிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற் சமிற் அம்மையார். 1974 இல், தமது 22 ஆம் வயதிற் பொறுப்பேற்று, 38 பருவங்கள் பயிற்றுவித்து, 1,098 வெற்றிகளும் எட்டுத் தேசிய வாகைகளும் ஈட்டினார். அவருடைய கூரிய பார்வைக்கு அஞ்சாத மாணவியர் இல்லை என்பர். அத்தகையவருக்கு 2011 இல் நினைவிழப்பு நோய் கண்டிருப்பதாக வைத்தியர்கள் கூறினர். அவர் அதனை மறைக்கவில்லை, உலகறிய அறிவித்தார். மேலும் ஒரு பருவம் அணியோடு இருந்தார். ஆட்டத்தின்போது எடுக்கும் தீர்மானங்களிற் பெரும்பகுதியை நெடுங்காலம் தம்முடனிருந்த உதவிப் பயிற்றுநர்களிடம் ஒப்படைத்தார். 2016 இல் மறைந்தார். வெற்றிகளின் எண்ணிக்கையைவிட அந்த இறுதிப் பருவமே என் மனத்தில் நிற்கின்றது. தம் கவனத்தின் எல்லையைத் தாமே அறிந்து, அதனைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது எளிதன்று.

இனி, அந்த வலிகாமத்து மாணவியின் காலுக்கு வருகின்றேன். நான் இவ்வளவும் பேசியது அந்தக் காலின் பொருட்டே.

முழங்காலின் உள்ளே தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் பிணைத்து நிற்கும் நார்கள் உண்டு. அவற்றுள் முன்புறமாக ஊடுருவிச் செல்லும் ஒன்று அறுந்தால் சத்திரசிகிச்சையும் மாதக்கணக்கான ஓய்வும் தேவைப்படலாம். சிலர் மீண்டும் களத்துக்கு வருவதேயில்லை. கூடைப்பந்தாட்டத்தில் இந்நார் அறுவது ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. அதனினும் வியப்பானது, பெரும்பாலான வேளைகளில் வேறொருவர் மோதி அது அறுவதில்லை என்பது. பாய்ந்து இறங்கும்போதும், ஓட்டத்தைத் திடீரென நிறுத்தித் திரும்பும்போதும் தானே அறுகின்றது. களைத்த கால் முழங்கால் மடியாமல் விறைத்து இறங்கும். அல்லது முழங்கால் உள்நோக்கிச் சாயும். இது கண்ணாற் காணக்கூடியது. காண்பதற்கு ஆள் வேண்டும்.

மாணவி தானே சொல்லமாட்டாளா என்று கேட்பீர்கள். சொல்லமாட்டாள். நம் வீடுகளிற் பெண்பிள்ளை விளையாடுவதற்கு அனுமதி பெறுவதே அரும்பாடு. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் ரியூசனுக்குப் போவதற்காக மைதானம் கைவிடப்படும். அவ்வாறிருக்க, கால் நோகின்றது என்று வீட்டில் ஒரு சொல் விழுந்தால், "இதுக்குத்தான் அப்பவே சொன்னனான்" என்று ஆட்டமே நின்றுபோகும். ஆதலால் அவள் தாயிடம் மறைப்பாள். தாயிடம் மறைப்பதைப் பயிற்றுநரிடமும் மறைப்பாள். மாதவிலக்கு நாள்களின் சோர்வையும், காலையுணவு உண்ணாமல் வந்ததையும், இரத்தச்சோகையினால் வரும் மயக்கத்தையும் அவ்வாறே மறைப்பாள். தலையில் அடிபட்டு ஒரு கணம் திசை தெரியாது நின்றாலும் சிரித்துக்கொண்டு ஓடுவாள். தலையடியில் ஐயமிருந்தால் அன்று ஆட்டத்துக்குத் திரும்ப விடலாகாது என்பதே உலகெங்கும் இன்று வைத்தியர் கூறும் நெறி. அந்த ஐயம் யாருக்கு எழ வேண்டும்? நடுவர் ஆட்டத்தைப் பார்க்கின்றார். புள்ளி குறிப்பவர் மேசையைப் பார்க்கின்றார்.

நமது கல்லூரிகளில் இப்பணியைச் செய்வோரின் நிலையையும் கூறாமல் விட முடியாது. பெரும்பாலும் ஒருவரே. காலையிலே வகுப்பிற் பாடம், மாலையிலே மைதானம். உதவிப் பயிற்றுநர் இல்லை. உடனிருந்து பார்க்க மருத்துவத் துறையினர் இல்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது பாடசாலைகள் பிற இடங்களில், கொட்டில்களிலும் மர நிழலிலும் இயங்கின. ஆண்டுக்கணக்கில் மைதானமின்றி வளர்ந்த ஒரு தலைமுறையிலிருந்தே இன்றைய ஆசிரியைகளிற் பலர் வந்துள்ளனர். பார்த்துப் பழகவேண்டிய வயதில் அவர்களுக்குப் பார்க்க ஆட்டம் இருக்கவில்லை.

அந்த ஆசிரியை இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். வாங்கில் இருக்கும் மாற்று ஆட்டக்காரிகளுள் ஒருத்தியிடம் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றைக் கொடுத்து வைத்திருந்தார். தவறுகளின் எண்ணிக்கை, எஞ்சிய இடைவேளைகள் ஆகியன அதிற் குறிக்கப்படும். அதனால் அவ்வளவு பாரமும் ஆசிரியையின் தலையிலிருந்து இறங்கிவிடுகின்றது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வேறொரு குறிப்பு. வாங்கில் இருப்பவள் தன் தோழியரிடம் காணும் மாற்றங்களை அதில் எழுதலாம். பிள்ளைகள் ஆசிரியரிடம் மறைப்பதைத் தோழியிடம் மறைப்பதில்லை அல்லவா? இதற்காகவே மாற்று ஆட்டக்காரிகளை முறைவைத்து மாற்றுவாராம். எல்லோரும் பார்க்கப் பழகவேண்டும் என்பது அவர் எண்ணம்.

தோற்ற அணியின் மாணவி இரண்டு வாரம் ஆசிரியையோடு முகங்கொடுத்துப் பேசவில்லையாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று காட்டியதில், நார் அறவில்லை, நைந்திருக்கின்றது, ஆறு வாரம் ஓய்வு போதும் என்றனர். அந்த ஆறு வாரமும் அவள் வாங்கில் இருந்தாள். கொப்பி அவளிடமே கொடுக்கப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தை ஆசிரியை எனக்குக் காட்டினார். "7ஆம் இலக்கம் தண்ணி குடிக்கேல்லை. 11ஆம் இலக்கம் இடது கணுக்காலை ரெண்டுதரம் தடவினவ. மிஸ் பாக்கேல்லை" என்று எழுதியிருந்தது.